பெரிய வெள்ளி வருகிறது: மலையகத்துக்கு வருவோருக்கும் நமக்கும் ஒரு நீண்ட குறிப்பு

 

பதிவு கொஞ்சம் நீளம். புத்தாண்டுப் பலகாரம் மிச்சமிருந்தால் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முன், தரம் 8 வரலாற்றுப் பாடம் முடிகிற நேரத்தில் ஒரு மாணவன் எழும்பினான். நம்ம பிள்ளை. "சேர், கிறிஸ்மஸுக்கு ஹெப்பி கிறிஸ்மஸ் சொல்றோம். பெரிய வெள்ளிக்கு என்ன சேர் சொல்றது? ஹெப்பி பெரிய வெள்ளியா?"

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்திலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளைகள். "அது வாழ்த்துச் சொல்லும் நாள் இல்லை மகன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த நாள் என்னவென்று பார்ப்போம்.

2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. ஒவ்வோர் ஆண்டும் திகதி மாறுவதற்குக் காரணம் நிலா. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பூரணையை அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. பூரணையே ஞாயிறில் விழுந்தால் அதற்கடுத்த ஞாயிறு. அதற்கு இரண்டு நாள் முந்திய வெள்ளி, பெரிய வெள்ளி. பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற நமக்கும், பூரணை பார்த்துப் போயா கொண்டாடுகிற சிங்களச் சகோதரர்களுக்கும் இந்தக் கணக்கு அந்நியமானதல்ல.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. மார்ச் 2ஆம் திகதி நாம் நோன்பு தொடங்கினோம். மார்ச் 5ஆம் திகதி விபூதிப் புதன், அதாவது நெற்றியில் சாம்பல் பூசிக் கிறிஸ்தவர்கள் தவக்காலம் தொடங்கும் நாள். ஒரு மாதம் ஒரே ஊரில் இரண்டு வீட்டிலும் நோன்பு. நமக்குப் பெருநாள் வந்து போனது. அவர்களுக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அவர்களுடைய நோன்பின் முறை வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்குப்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது வரையுள்ளவர்கள் அன்று ஒருவேளை மட்டுமே முழு உணவு உண்ணலாம். பழைய கத்தோலிக்கத் தமிழில் இதற்கு 'ஒருசந்தி' என்று பெயர். இறைச்சியை விலக்குவது 'சுத்தபோசனம்'. அது 14 வயதிலிருந்தே கடமை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, நம்மிடம் இருப்பது போலவே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஈஸா (அலை) அவர்களின் முடிவைப் பற்றி நமது நம்பிக்கையும் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் ஒன்றல்ல. அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதே அவர்களுடைய மார்க்கத்தின் மையம். அப்படி நடக்கவில்லை என்பது நமது ஈமான். இதை மழுப்பி 'எல்லாம் ஒன்றுதான்' என்று பேசுவது இருவருக்கும் மரியாதையல்ல. ஆனால் ஈஸா (அலை) நமக்கும் நபி. அவரைப் பெற்ற மர்யம் (அலை) அவர்களின் பெயரில் குர்ஆனின் 19ஆவது சூறா இருக்கிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் கி.பி. 615இல் அடைக்கலம் தேடிப் போனது அபிஸீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். நம்பிக்கை வேறாக இருந்தாலும் அண்டை வீட்டாரின் துக்க நாளுக்கு மரியாதை செய்ய அது தடையல்ல.

இனி மலைநாட்டுக்கு வருவோம். சிலுவை இந்த மலைகளுக்கு எப்படி வந்தது?

பலரும் நினைப்பது வெள்ளைக்காரத் துரைமார் கொண்டு வந்தார்கள் என்று. அது பாதிக் கதை. துரைமார் வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டி இராச்சியத்தில் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்த பின் கத்தோலிக்கக் குருமார் அங்கே நடமாட முடியாமல் போனது. அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து ஒரு குரு 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். அவர்தான் ஜோசப் வாஸ். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். பிறகு மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நம்பிக்கையைப் பெற்றார். 1697இல் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அதே கண்டி இராச்சியம்தான் நமது முன்னோருக்கும் கதவு திறந்தது. 1626இல் போர்த்துக்கீசர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னன் செனரத் அவர்களை ஏற்று, சுமார் 4,000 பேரைக் கிழக்கில் குடியேற்றினான் என்பது வரலாறு. நம்மை விரட்டியவர்கள் கத்தோலிக்கர். பிறகு அந்தக் கத்தோலிக்கர்களே விரட்டப்பட்டபோது அவர்களுக்கும் இடம் கொடுத்தது அதே பௌத்த இராச்சியம். இந்த மலைகள் இருவருக்குமே புகலிடமாக இருந்தவை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த அத்தியாயம் கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த நமது மலையகத் தமிழ் உறவுகளின் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். பெரும்பாலானோர் இந்துக்கள். ஆனால் திருநெல்வேலி, மதுரை, திருச்சி பக்கமிருந்து வந்தவர்களில் ஊரிலேயே கிறிஸ்தவர்களாக இருந்தவர்களும் இருந்தார்கள். சிலுவையைத் தம் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

1854இல் அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சங்கம், 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே தோட்ட மக்களுக்கு ஒரு பணியைத் தொடங்கியது. பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். ஆனால் லயம் லயமாக நடந்து பேசியவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். மதத்தோடு எழுத்தும் வந்தது. நாம் இன்று நிற்கிற வகுப்பறைகளுக்கு முன்னோடி அந்தக் காலத்துத் தோட்டத்துப் பள்ளிகள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியை 1892இல் தொடங்கியது மெதடிஸ்த மிஷன் என்பது மலையகத்தில் படித்த எவருக்கும் தெரியும்.

துரைமாரின் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. கருங்கல் சுவர், கண்ணாடி ஓவியம், முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள். இளவயதில் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதைக் கொண்டு வாழ்ந்தவர்கள் திவாலானார்கள். தேயிலை வந்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. தேவாலயங்களும் கூடின.

ஆனால் தொழிலாளியின் தேவாலயம் கருங்கல் கட்டடம் அல்ல. தோட்டத்துச் சந்தியில் ஒரு அந்தோனியார் சொரூபம், வேளாங்கண்ணி மாதாவின் ஒரு சிறு கெபி, தகரக் கூரை போட்ட ஒரு சிற்றாலயம். ஞாயிற்றுக்கிழமை பாதர் வராவிட்டால் உபதேசியார் செபம் சொல்லுவார்.

பெரிய வெள்ளி அங்கேதான் நடக்கிறது.

பல தோட்டங்களில் காலையிலேயே சிலுவைப்பாதை தொடங்கிவிடும். சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலைகள். தேவாலயத்துக்குள்ளே பதினான்கு படங்களை வைத்து நடத்துவது வழக்கம். மலையில் அதைத் தேயிலைக்கு நடுவே நடத்துகிறார்கள். ஒரு மரச் சிலுவையை ஆண்கள் மாறி மாறிச் சுமந்து ஏறுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு நிலை, முழந்தாள், ஒரு பாட்டு. வெள்ளையோ கறுப்போ உடுத்தியிருப்பார்கள். கொழுந்துக் கூடையோடு வருடமெல்லாம் ஏறுகிற அதே பாதை. தலையில் பாரத்தோடு வழுக்கி விழுவது என்னவென்று அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இயேசு மூன்று முறை விழுந்ததாகச் சொல்லும் நிலைகளில் அவர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறோம்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆலயங்களில் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை மும்மணித் தியானம். சிலுவையில் சொன்னதாக வேதாகமம் கூறும் ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பிரசங்கம். கத்தோலிக்க ஆலயங்களில் பிற்பகல் மூன்று மணியளவில் வழிபாடு. அன்று பூசை கிடையாது. பீடத்தில் விரிப்பு இல்லை, பூ இல்லை. பெரிய வியாழன் இரவிலிருந்து மணியும் ஒலிக்காது. அதற்குப் பதில் மரப்பலகையைத் தட்டுவார்கள். யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசித்து, சிலுவையை வரிசையாக வந்து முத்தமிடுவார்கள்.

அந்த வழிபாட்டில் பத்து மன்றாட்டுகள் உண்டு. திருச்சபைக்காக, யூதர்களுக்காக, ஆட்சியாளருக்காக, துன்பப்படுவோருக்காக. அவற்றில் ஒன்று கிறிஸ்துவை இறைமகனாக ஏற்காதவர்களுக்காக. அதாவது நமக்காகவும். இதை நாம் அறிந்துகொண்டது மிகப் பிந்தி.

வழிபாடு முடிந்தால் கஞ்சி. பெரிய பானையில் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவார்கள். நமது நோன்புக் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு, நாம் இறைச்சி போடுவோம், அவர்கள் போடமாட்டார்கள். மற்றபடி அதே தேங்காய்ப்பால், அதே வரிசை, தூக்குச்சட்டியோடு ஓடிவரும் அதே பிள்ளைகள்.

இதே பருவத்தில்தான் மாசியில் கம்பம் நட்டு, தோட்டத்து இந்து உறவுகள் காமன் கூத்தும் ஆடுகிறார்கள். சிவன் எரித்த காமன், ரதியின் அழுகைக்குப் பின் உயிர் பெறுகிறான். ஒரே லயத்தில் ஒரு வீட்டில் காமனுக்கு விரதம், அடுத்த வீட்டில் தவக்காலம். தப்படிக்கும் சத்தமும் சிலுவைப்பாதைப் பாட்டும் ஒரே மலையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இந்த மக்களுக்குச் சிலுவை வெறும் படமாக இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணம் நாட்டின் வரலாறு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றது. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணன் இங்கே, தம்பி கொத்தகிரியில் என்று பிரிந்த குடும்பங்கள் இன்றும் நமது மாணவர்களின் வீடுகளில் உண்டு. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல்தான்.

அந்த இருண்ட காலத்தில் தோட்டங்களின் நிலையை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் இயேசுசபைக் குருவான போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த இடம் அது. 2023இல், மலையகம் 200ஐ ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோரின் பாதையில் மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, பதினாறு நாள். அதுவும் ஒரு சிலுவைப்பாதைதான் என்று ஒரு கத்தோலிக்க நண்பர் சொன்னார். நாம் மறுக்கவில்லை.

இப்போது, எழுதத் தயங்கிய பகுதி.

2019இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 19. அன்று பக் பூரணைப் போயாவும் சேர்ந்து வந்தது. வழக்கம் போல அடுத்த தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பாட்டி நமது வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினார். தூக்குச்சட்டி நமது குசினியில் இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு காலை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். அவர்களின் உடல்களை எங்கள் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அது சரியான முடிவு. ஆனால் அறிவித்தல் வேறு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு.

அந்தப் பாட்டியின் பேரன் கொழும்பில் கடையொன்றில் வேலை. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிற பையன். அன்றும் போயிருப்பானோ என்று அந்தக் குடும்பம் இரவு வரை துடித்திருக்கிறது. அவன் போயிருக்கவில்லை, தப்பிவிட்டான். இது நமக்குத் தெரிய வந்தது இரண்டு நாள் கழித்து. நாம் போய்க் கேட்கவில்லை. ஊரடங்கு என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம். அவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். இரண்டு நாட்களுக்கு முன் மூன்று மணிக்கு நமக்காகவும் மன்றாடியவர்களிடம் போய் நிற்க நமக்குக் கால் வரவில்லை.

தூக்குச்சட்டி பதினெட்டு நாள் குசினியிலேயே இருந்தது. மே 7ஆம் திகதி நோன்பு தொடங்கியது. அன்று பள்ளிவாசல் கஞ்சியை இறைச்சி சேர்க்குமுன் வாங்கி, அதில் ஊற்றிக்கொண்டு போனோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தோம். பாட்டி வாசலில் நின்றார். "சட்டி எங்க போச்சின்னு தேடிக்கிட்டு இருந்தேன் மாஸ்டர். உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான். நாம் தயாரித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. அவர் இப்போது இல்லை. அந்த உறவு இருக்கிறது.

அதனால்தான் இந்தப் பதிவு. பெரிய வெள்ளியன்று நாம் செய்யக்கூடியவை, மலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டையும் சேர்த்துத் தருகிறோம்.

1. வாழ்த்துச் சொல்லாதீர்கள். 'இனிய பெரிய வெள்ளி' என்று படம் போட்டு அனுப்பாதீர்கள். வாழ்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. வெள்ளியன்று "கோயிலுக்குப் போய் வந்தீங்களா?" என்ற ஒரு விசாரிப்புப் போதும்.

2. தோட்டப் பாதையில் சிலுவைப்பாதை எதிர்ப்பட்டால் வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், பாட்டு வேண்டாம். பத்து நிமிடத்தில் அவர்கள் கடந்துவிடுவார்கள். பஜாரில் கடை வைத்திருப்போர் அந்த நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். தண்ணீர் வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

3. படம் எடுக்காதீர்கள். அழுகிற முகங்கள் உங்கள் ரீல்ஸுக்கு அல்ல. வார்லி போன்ற பழைய ஆலயங்களைப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் போங்கள். அன்று போனால் வழிபாட்டு நேரத்தில் வெளியே நில்லுங்கள்.

4. அன்று நமக்கும் வெள்ளி. ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் தேவாலய வாசலையோ ஊர்வலப் பாதையையோ மறித்து வாகனம் நிறுத்த வேண்டாம். நாம் ஒரு மணியளவில் கலைந்தால் மூன்று மணி வழிபாட்டுக்கு இடைஞ்சல் இராது.

5. 2025இல் பெரிய வெள்ளியன்று கண்டியில் தலதா கண்காட்சியும் தொடங்கியது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது, ஏப்ரல் 27 வரை தொடர்ந்தது. சனத்திரள் சொல்லி முடியாது. அப்படிக் கண்டியில் கூட்டம் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா வருவோர் கண்டி வழியைத் தவிர்த்து, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வாருங்கள்.

6. புத்தாண்டு முடிந்து திரும்புவோர், நுவரெலியா வசந்தகாலத்துக்கு வருவோர், சிவனொளிபாதமலை யாத்திரிகர் என்று எல்லாக் கூட்டமும் ஒரே வாரத்தில் சேரலாம். புகையிரதத்தில் முன்பதிவு ஆசனம் இல்லாதவர்கள் நின்றுகொண்டு வரத் தயாராக வாருங்கள். அரச, வங்கி விடுமுறை நாள் என்பதால் பணத்தை முந்திய நாளே எடுத்து வையுங்கள். தோட்டங்களுக்குள் போகும் பஸ்கள் குறைவாக ஓடலாம்.

7. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கம். மழைக்குப் பின் பனிமூட்டம் இறங்கும். வளைவுகளில் வேகம் வேண்டாம். ஊர்வலம் முடிந்து தெருவோரமாக நடந்து போகிற வயோதிபர்களும் பிள்ளைகளும் அன்று நிறைய இருப்பார்கள்.

8. வீட்டுக்குக் கஞ்சி வந்தால் வாங்கிக் குடியுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள். பதினெட்டு நாள் வைத்திருக்கவும் வேண்டாம்.

பாடசாலை திறந்ததும் அந்த மாணவன் மறுபடி கேட்பான் என்று தெரியும். 'என்ன சொல்றது சேர்?' என்றால், இப்போது நம்மிடம் பதில் இருக்கிறது. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை மகன். ஊர்வலம் போகும்போது வீதியோரத்தில் கொஞ்ச நேரம் நில். முன்வரிசையில் இருக்கிற அந்தப் பிள்ளைகள் உன்னைப் பார்ப்பார்கள். அது போதும்.

கிறிஸ்தவ உறவுகளே, எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாழ்த்தோடு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.